கேட்டது இடப்பக்கம், பார்த்தது வலப்பக்கம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றும் வந்து சேர்ந்தன என்று தெரியும். உங்கள் மகளிடம் போனில் கேட்டேன். "வந்துச்சு சித்தி. அம்மா தலகாணிக்கு அடியில வெச்சிருக்காங்க. படிச்சாங்களான்னு தெரியல" என்றாள். படிக்காத கடிதத்தை யாராவது தலையணைக்கு அடியில் வைப்பார்களா? என்னிடமேவா! போனை வாங்கி ஒரு வார்த்தை பேசத்தான் உங்களுக்கு மனசு வரவில்லை. போகட்டும். கடிதம் என்றால் நீங்கள் நடுவில் குறுக்கிட முடியாது. அந்த ஒரு சௌகரியமாவது எனக்கு இருக்கட்டும்.

விஷயம் இதுதான். ஏப்ரல் முதல் தேதி பொதுச்சந்தையைத் திறக்கிறார்கள். கலவரத்தன்று பூட்டிய கேட், ஒன்றரை வருடமாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் சாமி வேறு, வீட்டில் பேசுகிற பேச்சு வேறு, சம்பந்தம் செய்கிற இடம் வேறு. சேர்ந்து நின்று பேரம் பேசிய இடம் அது ஒன்றுதான். சமாதானக் குழுவுக்கு இன்னும் சலூன்காரர்தான் தலைவர். இரண்டு தெரு ஆண்களும் அவரிடம் கழுத்தை நீட்டிப் பழகியவர்கள், அவரை மாற்ற எவனுக்குத் தைரியம் வரும்? போன கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு பிஸ்கட், ஆளுக்கு ஒரு தீர்மானம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அவர் சொன்னார்: "தீர்மானம் கெடக்கட்டும்யா. பலகை இல்லாம சந்தை ஓடாது. மொத நாளே எவனாவது ஒரு புரளியக் கெளப்புவான், ஆளாளுக்கு ஷட்டர இறக்கிட்டு ஓடுவீங்க."

பலகை என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

அதை ஆரம்பித்தபோது எப்படிச் சிரித்தார்கள், நினைவிருக்கிறதா? கிளினிக்கில் கட்டுப் போடுகிற கீழ்த்தெரு அம்மாவும், சட்டை தைக்கிற மேல்தெருக்காரியும் ஊர் வதந்தியை அடக்கப் போகிறார்களாம். சந்தை கேட்டில் ஒரு பலகை. இடப்பக்கம் "கேட்டது", சாக்பீஸில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வலப்பக்கம் "பார்த்தது". நாம் இருவரும் சேர்ந்து போய், சேர்ந்து பார்த்து, தாளில் எழுதி, இரண்டு கையெழுத்தும் போட்டு ஒட்டினால்தான் அந்தப் பக்கம். ஒரே கட்டாயம் அதுதான், சேர்ந்து போக வேண்டும். மேல்தெரு பேக்கரி பன்னில் மருந்து கலந்திருக்கிறார்கள் என்று கிளம்பியதே, அன்று கடை வாசலிலேயே நின்று ஆளுக்கு நாலு பன் தின்றோம். மறுநாள் வரை பசிக்கவில்லை. எட்டு மாதம் அக்கா. காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் நான் செருப்பைத் தேய்ப்பேன், "வந்துட்டியா, காலங்காத்தால உன் மூஞ்சியிலதான் முழிக்கணும்னு எழுதியிருக்கு" என்பீர்கள். இப்போதும் ஏழு மணிக்குக் கால் தானாகப் போய் வாசலில் நிற்கிறது. போக இடம் இல்லை என்று தெரிந்து திரும்பி மெஷினில் உட்காருகிறேன்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். என் அண்ணனுடைய மெத்தைக் குடோனில் அடிதடிக்குக் கம்பி அடுக்கியிருக்கிறார்கள் என்று இடப்பக்கம் எழுதியிருந்தது. உங்களுக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. நான் போனேன், பார்த்தேன், பஞ்சு மூட்டைதான் இருந்தது. கம்பி அப்புறம் வந்திருக்க வேண்டும். நான் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டீர்கள். நம்புவது ஒரு தப்பா?

நீங்கள் வராமல் வேறு யாரோடும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று குழுவில் சொல்லிவிட்டேன். வாருங்கள் அக்கா.

உங்கள் தங்கச்சி


பிப்ரவரி 14

தையலுக்கு,

சந்தை திறப்பது நல்லது. பிஸ்கட் கதை எனக்கு வேண்டாம்.

நவம்பரில் அந்த வியாழக்கிழமை நாம் தாள் ஒட்டினோம். சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் கொழுந்தன் உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் குடோன் சந்து வழியாக வேலைக்குப் போனான். கம்பியோடு நாலு பேர் குடோனிலிருந்து வந்தார்கள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கிளினிக்கில் முதல் கட்டுப் போட்டது நான். முப்பது வருடமாகக் கட்டுப் போடுகிறேன், அன்றைக்குத்தான் துணியைச் சுற்றத் தெரியாமல் நின்றேன். "சுத்திப் போற ரோட்ட விட்டுட்டு அந்தச் சந்துல ஏன்டா போன?" என்று கத்தினேன். "அண்ணி கையெழுத்து இருந்துச்சே" என்றான். தச்சனுக்கு வலது கை போனால் என்ன மிஞ்சும் என்று உனக்குத் தெரியும், ஊசி பிடிக்கிறவள் நீ.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பேன்? மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே நாலாவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சன்னல்தான் தெரிகிறது. யாரும் யாரோடும் பேசுவதில்லை, அதனால் சண்டையும் இல்லை. இதற்குப் பெயர் சமாதானம் என்றால் எனக்கு இது வேண்டாம். ஆனால் இருக்கிறேன்.

நம்புவது தப்பா என்று கேட்கிறாய். உன்னை நம்புவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உன் அண்ணன் வாடகைக்கு எடுப்பதற்கு முன்பே அந்தக் குடோனுக்கு ஒருமுறை போயிருக்கிறேன், காவல்காரருக்கு ஊசி போட. அதன் வாசலில் ஒரு கோளாறு உண்டு. உள்ளே நுழைந்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். அது என்ன?

எழுது. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

(கையெழுத்து வேண்டுமா? அதைப் போட்டுத்தானே இந்தக் கதி.)


பிப்ரவரி 25

அக்கா,

தெரியாது.

பத்து நாளாக இந்த ஒரு வார்த்தையை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். அண்ணனைக் கேட்டால் சொல்லியிருப்பான். இல்லை, இப்போதே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கலாம். போனேன்கூட. சந்து முனை வரை போய்த் திரும்பிவிட்டேன். உங்களிடம் இன்னொரு தடவை பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் போகவில்லை அக்கா. அன்று காலை உங்கள் வீட்டிலிருந்து கிளம்பினேன். மழை தூறியது. கடைக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். "பஞ்சுதான் இருக்கு. ஏன், உனக்கும் என் மேல சந்தேகமா?" என்றான். அந்த ஒரு "உனக்கும்" போதாதா? அவன் வீட்டு மாடியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போன நாளில், பெட்டியை வாங்கி மாடியில் வைத்துவிட்டு ஒன்றுமே கேட்காதவன் அவன். உன் பேச்சை நம்பவில்லை, கதவைத் திற என்று எப்படிச் சொல்வேன்? சாயங்காலம் தாளை எழுதி எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் படுக்கையிலிருந்தபடியே "பார்த்தியா?" என்றீர்கள். "ம்" என்றேன். ஒரே ஒரு "ம்". அதற்குத்தான் உங்கள் கொழுந்தன் கையைக் கொடுத்தார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். கூடப் பிறந்தவனை எப்படித் தீர விசாரிப்பது என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

நேற்று உங்கள் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். உள்ளே விடமாட்டார் என்று நினைத்துத்தான் போனேன். இடது கையால் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். பலகை மேடும் பள்ளமுமாக இருந்தது. "வாங்க. உக்காருங்க, பாத்து உக்காருங்க, அது என் எடது கை செஞ்ச ஸ்டூலு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணி எப்ப வருவாங்க? எங்கிட்ட சொல்லாமலேயே போய்ட்டாங்களே."

இவ்வளவுதான் என் உண்மை. இனி நீங்கள் எழுதாவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கச்சி என்று போட்டுக்கொள்ள உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.
தையல்


மார்ச் 4

தையலுக்கு,

அந்தக் குடோன் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது. குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மருமகன் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றான். கோபம் என்றுதான் நினைத்தேன். இல்லை. நீ போகவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. மழையில் வந்தவளுக்கு முழங்கால் வரை சேறு இருக்க வேண்டும், அந்தச் சந்து அப்படி. உன் செருப்பு சுத்தமாக இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று இப்போது எழுத எனக்கு வராது.

நீ எனக்கு எழுதியது எனக்குப் போதும். ஊருக்குப் போதாது. பொய்யை எங்கே ஒட்டினோமோ அங்கேதான் உண்மையையும் ஒட்ட வேண்டும். உன் அண்ணன் என்ன சொல்வான் என்று எனக்கும் தெரியும். மாடி போகும். மேல்தெருவில் உன்னிடம் துணி தைக்கக் கொடுக்க மாட்டார்கள். கஷ்டம்தான். அதைச் செய்யாமல் சந்தை திறந்தால், திறந்த வேகத்தில் மூடுவார்கள். இந்தத் தடவை யார் கை போகுமோ.

செய்வாயா மாட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. செய்தால் எழுது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. தனியாகப் போனேன். பழைய தாள் பாதி கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே ஒட்டினேன். "குடோனுக்குப் போய்ப் பார்த்ததாக எழுதியது பொய். நான் போகவில்லை. என் அண்ணன் சொன்னதைக் கேட்டு எழுதினேன். அக்காவுக்கு அன்று கடும் காய்ச்சல், அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை." கீழே என் கையெழுத்து மட்டும்.

முதலில் பால்காரர் படித்தார். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இரண்டாம் முறை படித்தார். எட்டு மணிக்குள் இரண்டு தெருவும் வந்துவிட்டது. கீழ்த்தெருவிலிருந்து ஒரு அம்மா என் காலடியில் காறித் துப்பினார். மேல்தெருவில் ஒருவர், "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டாளே" என்றார். ஆக மொத்தம் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக என்னைத் திட்டின. சலூன்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார், பாதி வெட்டிய தலையோடு ஒருவர் அவர் பின்னால் நின்றார். அழ வேண்டிய நேரத்தில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவி நான்.

அண்ணன் வந்தான். கூட்டம் விலகியது. படித்தான். என்னிடம் மெதுவாகத்தான் பேசினான். "கம்பி இருக்குன்னு ஒங்கிட்ட சொல்லியிருந்தா எழுதியிருப்ப. அதான் சொல்லல" என்றான். அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது அக்கா. கலவரத்தில் அவன் கடையை எரித்தார்களே, மறுபடி வந்தால் சும்மா இருக்கக்கூடாது என்று வைத்தானாம். யாரையும் அடிக்க இல்லையாம், பயத்துக்காம். "பயந்தா ஷட்டர மூடுவாங்க. நீ தொறந்து விட்டியே" என்றேன். சாயங்காலம் என் பெட்டியும் பாயும் வாசலில் இருந்தன. பெட்டியின் மேல் என் அண்ணி ஒரு போர்வையை மடித்து வைத்திருந்தார். இப்போது கடையின் பின்னறையில் இருக்கிறேன். நீட்டிப் படுத்தால் கால் மெஷின் மிதியில் இடிக்கிறது.

உங்கள் கொழுந்தன் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கூட்டம் கலைந்திருந்தது. வெகுநேரம் படித்தார், அவ்வளவு எழுத்து அதில் இல்லை. பிறகு என்னிடம், "ஒங்கள மன்னிக்கணும்னு தோணல. அடிக்கணும்னும் தோணல. இப்ப என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார். "எனக்கும் தெரியல" என்றேன். தாளின் ஒரு மூலை பெயர்ந்து காற்றில் ஆடியது. இடது கைப் பெருவிரலால் அதை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

இன்னொன்று. புதன்கிழமை இடப்பக்கத்தில் யாரோ சாக்பீஸில் எழுதியிருந்தார்கள்: மரக்கடைக் கொல்லையிலும் கம்பி இருக்கிறது. மரக்கடை உங்கள் தெரு. யார் எழுதியது என்று தெரியவில்லை, கீழ்த்தெரு ஆளாகத்தான் இருக்க வேண்டும். குழுவிலிருந்து தெருவுக்கு இரண்டு பேராகப் போய், சேர்ந்து பார்த்து, அள்ளிக்கொண்டு வந்து போலீசில் ஒப்படைத்தார்கள். பொய் சொன்னேன் என்று எழுதியதற்கு அப்புறம்தான் அந்தப் பலகையை நம்புகிறார்கள், என்ன ஊரோ!

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். சந்தைக்கு இன்னும் பதிமூன்று நாள். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர இந்தக் கடிதத்தில் வேறு விஷயமே இல்லை.

தங்கச்சி


மார்ச் 24

என் தங்கச்சிக்கு,

யாரடி உன்னை எனக்காக வக்காலத்து வாங்கச் சொன்னது?

காய்ச்சல், கடும் காய்ச்சலாம்! அன்று எனக்குக் காய்ச்சலே இல்லை.

அன்று காலை ஆறு மணிக்குக் குழாயடியில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் என் பக்கத்து வீடு, எதிர்வீடு. ஒருத்தி என்னைப் பார்க்காமல் தண்ணீரிடம் சொல்வது போலச் சொன்னாள்: "சிலருக்கு நம்ம சனம் செத்ததெல்லாம் மறந்து போச்சு. காலங்காத்தால அவளோட ஊர்வலம் கெளம்பிடுவாங்க." மற்றவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். எட்டு மாதத்தில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னமோ குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டேன். நீ ஏழு மணிக்கு வந்தாய். காய்ச்சல் என்றேன். உன்னோடு தெருவில் நடக்க வெட்கப்பட்டேன். ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில்தான் எல்லாம் நடந்தது. சாயங்காலம் உன் செருப்பைப் பார்த்தும் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான். நான் பொய் சொல்லிப் படுத்திருக்கும்போது உன்னை எந்த வாயால் கேட்பேன்?

இதை எழுதினால் நீ என்னை வெறுப்பாய் என்று நாலு மாதமாக உன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். உன் அண்ணனை, உன் தெருவை, உன்னைத் திட்டியது எல்லாம் என் மேல் பட வேண்டியது.

இப்போது அந்தப் பலகையில், பார்த்தது என்று போட்ட பக்கத்தில், மறுபடியும் ஒரு பொய் இருக்கிறது. சந்தை திறப்பதற்கு முன்னால் அதை எடுத்தாக வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி வருகிறேன். குழாயடியில் பேசியவர்களும் படிக்கும்படி எழுதுவேன். என் கொழுந்தனுக்கு முதலில் நேரில் சொல்வேன். அவன் கையெழுத்தை நம்பினான், போட்டவள் யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

என்னோடு வந்து நில் என்று கேட்க மாட்டேன். அந்த யோக்கியதை எனக்கு இல்லை. இதைப் படித்த பிறகும் மனசு இருந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு வா. வராவிட்டாலும் இறங்கி நேரே பலகைக்குத்தான் போவேன்.

உன்னை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

தெரியும்.

அன்று காலை உங்கள் போர்வையை இழுத்து விட்டேனே, கழுத்தில் என் விரல் பட்டது. சில்லென்று இருந்தது. என்னோடு வரப் பிடிக்கவில்லை என்று அங்கேயே புரிந்துவிட்டது. குழாயடிக் கதை தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று என்று தெரிந்தது. படியிறங்கும்போது அப்படி ஒரு அழுகை. அக்காவுக்கு நான் வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எதற்கு இந்தப் பலகை, எதற்கு இந்த ஊர் என்ற வீம்பு. அண்ணன் சொன்னது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இது. காய்ச்சல் என்று பலகையில் எழுதும்போதும் தெரிந்தேதான் எழுதினேன். உங்களை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று தோன்றியது. அதுவும் பொய்தான். அதனால் புதுத் தாளில் எனக்கும் எழுத வேண்டியது இருக்கிறது.

எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. பார்த்ததும் திட்டத்தான் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை மணி பஸ் என்று எழுதவே இல்லை. காலை ஆறு மணிக்கு முதல் பஸ், அதிலிருந்து நிற்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்குக் குறுக்குப் பாதை இருக்கிறது, அது வேண்டாம். குழாயடி வழியாகவே போவோம். என் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

தங்கச்சி